சாயாமல் நிற்க வைப்பது எப்படி: வீட்டுப் பொருள்களின் நிலைத்தன்மையை அறிந்து சரிசெய்தல்

ஒரு பொருள் நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்யும் விதி ஒன்றுதான். அதன் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டு, அந்தப் புள்ளியிலிருந்து நேர் கீழாக ஒரு நூலைத் தொங்கவிட்டால், அந்த நூல் பொருளின் கால்கள் வளைத்திருக்கும் பரப்புக்குள் விழ வேண்டும். உள்ளே விழும்வரை பொருள் நிற்கும். விளிம்பைத் தாண்டியதும் கவிழும். எடை குவிந்த அந்தப் புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். கால்கள் வளைத்திருக்கும் இடத்தைத் தாங்கு பரப்பு என்று இங்கே அழைக்கலாம். பூச்சாடி, புத்தக அலமாரி, ஏணி, இழுப்பறைப் பெட்டி என்று எதை எடுத்துக்கொண்டாலும், மையம் எங்கே இருக்கிறது, பரப்பு எவ்வளவு, இரண்டும் எப்போது இடம் மாறுகின்றன என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கண்டால் அதன் நிலைத்தன்மையை வீட்டில் உள்ள எவரும் கணித்துவிடலாம். தேவைப்படும் கருவிகள் ஓர் அளவுநாடா, ஒரு நூல், ஒரு ரசமட்டம் ஆகியவை மட்டுமே.

ஈர்ப்பு மையத்தைக் கண்டறிதல்

தட்டையான பொருளுக்கு எளிய வழி உண்டு. ஓர் அட்டைத் துண்டை எந்த வடிவிலும் வெட்டி, அதன் ஓரத்தில் ஒரு துளையிட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். அதே ஆணியிலிருந்து சிறு எடை கட்டிய நூலையும் தொங்கவிட்டு, நூல் செல்லும் வழியே கோடு வரையுங்கள். பிறகு வேறோர் ஓரத்தில் துளையிட்டு அதையே மீண்டும் செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே ஈர்ப்பு மையம். தொங்கும் பொருள் எதுவானாலும், அதன் ஈர்ப்பு மையம் தொங்கும் புள்ளிக்கு நேர் கீழே வந்த பிறகே அது ஓய்வடையும் என்பதுதான் இதன் அடிப்படை. சுவரில் ஒற்றை ஆணியில் மாட்டிய படம் அடிக்கடி கோணலாவதற்கான காரணமும் இதில் இருக்கிறது. படத்தின் கயிறு ஆணியின்மேல் சற்று நகர்ந்தாலும் தொங்கும் புள்ளி மாறிவிடுகிறது. மையம் அந்தப் புதிய புள்ளிக்குக் கீழே வரும்படி படம் முழுவதும் சாய்கிறது. ஒரே மட்டத்தில், இடைவெளிவிட்டு இரண்டு ஆணிகளை அடித்தால் கயிறு நகர இடமிருக்காது.

நீளமான பொருளுக்கு இன்னும் அழகான வழி ஒன்று இருக்கிறது. நீண்ட கைப்பிடி கொண்ட துடைப்பத்தைக் கிடைமட்டமாக இரு கைகளின் ஆள்காட்டி விரல்கள்மேல் வைத்து, விரல்களை மெதுவாக ஒன்றை நோக்கி ஒன்று நகர்த்துங்கள். எந்த விரலை முதலில் நகர்த்தினாலும் இரண்டும் சந்திப்பது ஈர்ப்பு மையத்தின் அடியில்தான். மையத்துக்கு அருகில் இருக்கும் விரல் அதிக எடையைத் தாங்குவதால் அங்கே உராய்வு மிகுதி. ஆகவே தொலைவில் உள்ள விரல்தான் வழுக்கி நகர்கிறது. அது மையத்தை நெருங்கியதும் நிலைமை தலைகீழாகி, மற்ற விரல் நகரத் தொடங்குகிறது. இப்படி இரண்டும் முறைவைத்து நகர்ந்து மையத்தை அடைகின்றன.

இந்த இடத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். துடைப்பத்தை அந்தப் புள்ளியில் வெட்டினால் இரு துண்டுகளும் சம எடையுடன் இருக்கும் என்று தோன்றும். அப்படி இருக்காது, நார் உள்ள குட்டையான துண்டே கனமானது. சமநிலைக்கு எடைகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. எடையைத் தூரத்தால் பெருக்கிவரும் திருப்புத்திறன்களே சமமாக இருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நிறுவிய நெம்புகோல் விதி இதுவே. கீழே இழுப்பறைகளைப் பற்றிய கணக்கு முழுவதும் இந்த விதியையே சார்ந்து நிற்பதால் இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

தாங்கு பரப்பு: எத்தனை கால்கள், எவ்வளவு அகலம்

பொருளின் கால்கள் தரையைத் தொடும் புள்ளிகள் எல்லாவற்றையும் வெளிப்புறமாகச் சுற்றி ஒரு நூலை இறுக்கிக் கட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நூலுக்குள் அடங்கும் பரப்பே தாங்கு பரப்பு. கால்களுக்கு இடையில் வெற்றிடம் இருந்தாலும் அதுவும் இதில் சேரும். ஒரு பொருள் கவிழும்போது அடுத்தடுத்த இரு கால்களை இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டுதான் கவிழ்கிறது. ஆகவே மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள மிகக் குறைந்த தூரம்தான் முக்கியம். மையத்திலிருந்து காலுக்குள்ள தூரம் அவ்வளவு முக்கியமல்ல.

நடுவிலிருந்து ஒவ்வொரு காலும் 30 செ.மீ. தொலைவில் இருக்கும் மூன்று இருக்கைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று கால் முக்காலியில் நடுவிலிருந்து கவிழும் கோட்டுக்குள்ள தூரம் 15 செ.மீ. மட்டுமே. நான்கு கால் இருக்கையில் அது ஏறத்தாழ 21 செ.மீ. ஆகிறது, ஐந்து காலில் 24 செ.மீ. கால்களின் நீட்டம் மூன்றிலும் ஒன்றேதான், ஆனாலும் ஐந்து கால் இருக்கை முக்காலியைவிட அறுபது விழுக்காடு கூடுதலாகச் சாய்வதற்கு இடம் கொடுக்கிறது. அலுவலகச் சுழல் நாற்காலிகளின் அடியில் ஐந்து சக்கரக் கால்கள் இருப்பது இதனால்தான்: சுழன்று எந்தத் திசையிலும் சாயக்கூடிய ஒருவரைத் தாங்க எந்தத் திசையிலும் பலவீனம் இருக்கக் கூடாது. முக்காலியில் அமர்ந்து குனிய நேர்ந்தால், ஒரு கால் இருக்கும் திசையை நோக்கிக் குனியுங்கள். இரு கால்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தை நோக்கிக் குனியாதீர்கள்.

பரப்பு மட்டும் போதாது. மையத்தின் உயரமும் சேர்ந்தே கணக்கில் வரும். 180 செ.மீ. உயரமும் 30 செ.மீ. ஆழமும் கொண்ட புத்தக அலமாரியை எடுத்துக்கொள்வோம். எல்லாத் தட்டுகளிலும் புத்தகங்கள் சமமாக இருந்தால் மையம் 90 செ.மீ. உயரத்தில், முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே இருக்கும். 15ஐ 90ஆல் வகுத்துக் கோணமாக்கினால், அது ஏறத்தாழ 9.5 டிகிரி முன்னே சாய்ந்தால் விழும் என்பது தெரியும். கனமான புத்தகங்களை மேல்தட்டுகளில் அடுக்கியதால் மையம் 120 செ.மீ.க்கு ஏறினால், 7 டிகிரியிலேயே விழும். கீழ்த்தட்டுகளில் அடுக்கி மையத்தை 60 செ.மீ.க்கு இறக்கினால் 14 டிகிரி வரை தாங்கும். புத்தகங்களை இடம் மாற்றிய ஒரு மாலை நேர வேலையில் பாதுகாப்பு இரு மடங்காகிறது. அதே அலமாரியை மெத்தென்ற கம்பளத்தின்மேல் வைத்து, முன்பக்கக் கால்கள் பின்பக்கக் கால்களைவிட 1 செ.மீ. கூடுதலாக அமுங்கினால், கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு தொடக்கத்திலேயே செலவாகிவிடுகிறது. 7 டிகிரிதான் கையிருப்பு என்ற நிலையில் இது சிறிய இழப்பல்ல.

பாத்திரங்களுக்கும் இதே கணக்குத்தான். நீண்ட கைப்பிடி கொண்ட சிறிய வாணலியை வெறுமையாக அடுப்பின்மேல் வைக்கும்போது அது கைப்பிடிப் பக்கம் சாய்ந்தால், கைப்பிடியின் திருப்புத்திறன் வாணலியின் உடலை வென்றுவிட்டது என்று பொருள். உள்ளே உணவு சேர்ந்ததும் மையம் நடுவுக்கு நகர்வதால் அது நின்றுவிடும். ஆனால் உணவு தீரத் தீர மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும். வெறும் வாணலி தானாக நேரே நிற்காவிட்டால் அதை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து.

சாய்வு வேறு, தள்ளுதல் வேறு

நிலைத்தன்மை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எவ்வளவு சாய்த்தால் விழும் என்பது ஒன்று. எவ்வளவு விசையுடன் தள்ளினால் விழத் தொடங்கும் என்பது மற்றொன்று. முதல் கேள்வியில் எடைக்கு இடமே இல்லை. பரப்பின் அகலமும் மையத்தின் உயரமும்தான் உண்டு. இரண்டாவதில் எடை நேரடியாக வருகிறது. ஒரே அளவுள்ள தக்கைப் பெட்டியும் இரும்புப் பெட்டியும் ஒரே கோணத்தில்தான் கவிழும். ஆனால் தக்கைப் பெட்டியைக் காற்றே தள்ளிவிடும்.

ஒரு தம்ளரும் தண்ணீரும் இந்த வேறுபாட்டை மிக நன்றாகக் காட்டும். 12 செ.மீ. உயரமும் 250 கிராம் எடையும் கொண்ட, 250 கிராம் தண்ணீர் கொள்ளக்கூடிய கண்ணாடித் தம்ளர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அடிப்பகுதியின் கனத்தைப் பொருட்படுத்தாமல் அதை ஒரு சீரான உருளை என்று எண்ணினால், வெறுந்தம்ளரின் மையம் 6 செ.மீ. உயரத்தில் இருக்கும். தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் அடியில் எடை சேர்வதால் மையம் கீழே இறங்கும். முழுதாக நிரப்பிய பின் அது மீண்டும் 6 செ.மீ.க்கே வந்துவிடும். ஆக, இடையில் எங்கோ மிகத் தாழ்ந்த நிலை ஒன்று இருக்க வேண்டும். அந்த இடம் எது? தண்ணீரின் மேல்மட்டமும் ஈர்ப்பு மையமும் ஒரே உயரத்தில் சந்திக்கும் இடம்தான் அது. மட்டம் மையத்துக்குக் கீழே இருக்கும்வரை சேரும் ஒவ்வொரு துளியும் மையத்தைக் கீழே இழுக்கிறது. மட்டம் மையத்தைத் தாண்டிய பிறகு சேரும் ஒவ்வொரு துளியும் அதை மேலே தூக்குகிறது. இந்தத் தம்ளருக்கு அந்தச் சந்திப்பு ஏறத்தாழ 5 செ.மீ. உயரத்தில், அதாவது நூற்றுக்கு 41 பங்கு நிரம்பியபோது நிகழ்கிறது. 25 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டிக்கு அதே கணக்கைப் போட்டால், நூற்றுக்கு 13 அல்லது 14 பங்கு நிரம்பியபோதே மையம் மிகத் தாழ்ந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதை வைத்து, புட்டியில் எப்போதும் சிறிதளவு தண்ணீரே வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. கை பட்டு விழுவதுதான் கவலை என்றால் நிறைந்த புட்டியே மேல், ஏனெனில் அதன் மொத்த எடை தள்ளுவிசையை எதிர்க்கிறது. வண்டியிலோ ஆடும் பலகையிலோ சாய்வதுதான் கவலை என்றால் தாழ்ந்த மையம் உதவும். பூச்சாடிக்கு இரண்டும் வேண்டும்: அடியில் கூழாங்கற்களைப் போட்டால் எடை கூடுகிறது, மையமும் இறங்குகிறது. மேலே உயரமாக விரியும் கிளைகள் ஒரே பக்கம் சாயாமல் எதிரெதிராக வைக்கப்பட்டால் மையம் நடுவிலேயே நிற்கும்.

தள்ளிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் பொம்மைகளைப் பலர் பார்த்திருப்பார்கள். அவற்றின் அடி அரைக்கோளமாக இருக்கும். கனம் முழுவதும் அந்த அரைக்கோளத்தின் நடுப்புள்ளிக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கும். சாய்க்கும்போது ஈர்ப்பு மையம் மேலே ஏற வேண்டியிருப்பதால், கையை எடுத்ததும் அது தாழ்ந்த இடத்துக்கே திரும்புகிறது. உறுதிச் சமநிலை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான். கூர்முனையில் நிறுத்திய பென்சிலில் நிலைமை நேர்மாறு: சற்றே சாய்ந்தாலும் மையம் இறங்கிவிடுவதால் அது திரும்புவதில்லை. உருட்டிவிட்ட பந்தில் மையத்தின் உயரம் மாறுவதே இல்லை என்பதால், அது விட்ட இடத்திலேயே நிற்கிறது.

ஆடும் மேசையைச் சரிசெய்தல்

மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரு தளத்தில் அமையும் என்பதால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நான்காவது கால் வந்ததும் அந்த உறுதி போய்விடுகிறது. நான்கு கால் மேசை ஆடும்போது அது எப்போதும் ஒரு மூலைவிட்டத்தை அச்சாகக் கொண்டே ஆடும்: எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கால்கள் தரையில் நிலைத்திருக்க, மற்ற இரண்டும் மாறி மாறித் தரையைத் தொடும்.

மடித்த காகிதத்தைக் காலுக்கு அடியில் திணிப்பதற்கு முன், குறை மேசையிலா தரையிலா என்பதைக் கண்டறியுங்கள். தரையில் நிலைத்து நிற்கும் இரு கால்களில் சிறு குறியிட்டுக்கொண்டு, மேசையை அதே இடத்தில் 90 டிகிரி திருப்புங்கள். குறியிட்ட அதே கால்கள் மீண்டும் நிலைத்திருந்தால் அந்தக் கால்களின் நீளமே குறைக்குக் காரணம். இப்போது குறியிடாத கால்கள் நிலைத்திருந்தால், குறை தரையின் அந்த மூலைவிட்டத்தில் உள்ளது. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல், தரையின் மேட்டுக்காக மேசையின் காலை அறுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். பிறகு அந்த மேசை எந்த அறையிலும் நேராக நிற்காது.

குறை தரையில் இருந்தால் ஆப்பு எதுவும் இல்லாமலே தீர்வு உண்டு. கால்கள் சமமாக உள்ள சதுர மேசையை, படி போன்ற திடீர் உயர்வுகள் இல்லாத மேடுபள்ளத் தரையில் நடுவை மாற்றாமல் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், 90 டிகிரிக்குள் ஏதோ ஓரிடத்தில் நான்கு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொட்டே ஆக வேண்டும். செர்ன் ஆய்வு மையத்தின் இயற்பியலாளர் ஆந்த்ரே மார்ட்டின் 2005ஆம் ஆண்டில் இதைக் கணிதமாக நிறுவினார்; தரையின் சரிவு 15 டிகிரிக்கு மிகாமல் இருந்தால் இது செல்லும். காரணத்தை எளிதாகவே புரிந்துகொள்ளலாம். திருப்பத் தொடங்கும்போது ஒரு மூலைவிட்டக் கால்கள் தூக்கலாக இருக்கின்றன; 90 டிகிரி திருப்பி முடிக்கும்போது மற்ற மூலைவிட்டக் கால்கள் தூக்கலாக இருக்கின்றன; தரை தொடர்ச்சியானது என்பதால் இடையில் இரண்டும் சமமாகும் ஒரு கணம் இருந்தே தீரும். இப்படிக் கிடைக்கும் நிலையில் மேசை ஆடாது என்பதுதான் உறுதி. மேற்பரப்பு மட்டமாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. மட்டமும் வேண்டுமென்றால் திருகிச் சரிசெய்யும் பாதங்களைப் பொருத்துவதே வழி.

இழுப்பறைப் பெட்டியும் உயரமான அலமாரியும்

இந்தக் கட்டுரையில் வேறெதைப் படிக்காமல் விட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் குழந்தை இருந்தால், இழுப்பறைகள் அதன் கண்ணுக்குப் படிகளாகத் தெரியும்.

இழுப்பறைப் பெட்டியில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: அதன் ஈர்ப்பு மையம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இழுப்பறையைத் திறக்கும்போது அதற்குள் இருக்கும் எடையும் கூடவே முன்னே வருகிறது. முன்கால்களைத் தாண்டி வெளியே வந்ததும் அந்த எடை பெட்டியைக் கவிழ்க்கும் பக்கத்துக்கு மாறிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம். பெட்டியின் கூடு 20 கிலோ. அதன் மையம் முன்கால்களுக்கு 24 செ.மீ. பின்னே உள்ளது. துணிகளுடன் சேர்த்துத் தலா 8 கிலோ எடையுள்ள நான்கு இழுப்பறைகள் உள்ளன. மூடியிருக்கும்போது ஒவ்வொன்றின் மையமும் 22 செ.மீ. பின்னே இருக்கிறது. ஒவ்வொன்றும் 35 செ.மீ. வெளியே வரும்.

எல்லாம் மூடியிருக்கும்போது பெட்டியை நிறுத்தி வைக்கும் திருப்புத்திறன், 20 பெருக்கல் 24 கூட்டல் 32 பெருக்கல் 22, ஆக 1184 கிலோ-சென்டிமீட்டர். ஓர் இழுப்பறையைத் திறக்கும்போது 8 கிலோ 35 செ.மீ. முன்னே நகர்வதால் 280 குறைந்து 904 ஆகிறது. இரண்டைத் திறந்தால் 624, மூன்றைத் திறந்தால் 344, நான்கையும் திறந்தால் 64. நான்கும் திறந்த நிலையில் பெட்டி இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, பார்ப்பதற்கு எந்த ஆபத்தும் தெரியாது. ஆனால் ஒரு கையை ஊன்றினால் விழும். இப்போது 15 கிலோ எடையுள்ள குழந்தை கீழ் இழுப்பறையில் கால்வைத்து ஏறுவதாகவும், அதன் உடல் முன்கால்களுக்கு 30 செ.மீ. முன்னே இருப்பதாகவும் கொள்ளுங்கள். 15 பெருக்கல் 30, ஆக 450. இரண்டு இழுப்பறைகள் திறந்திருந்தால் பெட்டி தாங்கிக்கொள்ளும். மூன்று திறந்திருந்தால் 344ஐ 450 வென்று, பெட்டி குழந்தையின்மேல் சாயும்.

கனமானவற்றைக் கீழே வையுங்கள் என்ற பொது அறிவுரை இங்கே பாதிதான் உதவும். நேராக நிற்கும் பெட்டியின் மேற்கண்ட கணக்கில் உயரம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்பது மட்டும்தான் வந்தது. மையம் தாழ்ந்திருந்தால் சாய்வைக் கூடுதலாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் திறந்த இழுப்பறைகளால் மையமே முன்கால்களுக்கு வெளியே போய்விட்ட பின், அது தாழ்ந்திருப்பதால் ஒரு பயனும் இல்லை. முன்கால்களுக்கு அடியில் 1 செ.மீ. ஆப்பு வைத்துப் பெட்டியைச் சற்றுப் பின்னே சாய்ப்பதும் ஓரளவுக்கே பயன்படும்: 45 செ.மீ. ஆழமுள்ள பெட்டியில் 60 செ.மீ. உயரத்திலுள்ள மையம் 1.3 செ.மீ. மட்டும் பின்னே போகும்.

முழுமையான தீர்வு சுவரோடு பிணைப்பதுதான். அது எவ்வளவு எளிது என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. குழந்தை ஏறிய எடுத்துக்காட்டில் பற்றாக்குறை 450 கழித்தல் 344, அதாவது 106 கிலோ-சென்டிமீட்டர். பிணைப்பு 110 செ.மீ. உயரத்தில் இருந்தால் அது இழுத்துப் பிடிக்க வேண்டிய விசை ஒரு கிலோ எடைக்கும் குறைவு. குழந்தை மேல் இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு உடலைப் பின்னே சாய்த்து, அதன் மையம் 50 செ.மீ. வெளியே போனாலும் தேவைப்படுவது 4 கிலோவுக்குள்தான். குதித்தால் இது சில மடங்கு கூடும். அப்போதும் சுவரில் சரியாக இறங்கிய ஒரு திருகாணிக்கு அது பெரிய சுமையல்ல. பெட்டியின் மொத்த எடையைப் பிணைப்பு தாங்க வேண்டும் என்று அஞ்சிப் பலர் இந்த வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள். அது தாங்க வேண்டியது பற்றாக்குறையை மட்டுமே.

பிணைக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பிணைப்பு பெட்டியின் உச்சிக்கு அருகில் இருக்க வேண்டும். உயரம் பாதியானால் விசை இரு மடங்காகும். பெட்டியின் பக்கத்தில், திருகாணி மெல்லிய பின்தட்டியில் இறங்காமல் தடித்த மேற்சட்டத்தில் இறங்க வேண்டும், ஏனெனில் பின்தட்டி ஒரே இழுப்பில் பிய்ந்து வரும். செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் துளையிட்டு, அளவான பிளக் செருகி, அதில் திருகுங்கள். மேற்பூச்சில் மட்டும் நிற்கும் திருகாணி பயன் தராது. உள்ளீடற்ற பலகைச் சுவரானால் உள்ளே ஓடும் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டறிந்து அதில் திருகுங்கள். இரு முனைகளிலும் ஒன்றாக, இரண்டு பிணைப்புகள் போடுங்கள். பட்டையோ சங்கிலியோ தொய்வாக இருக்கக் கூடாது. தொய்வு இருந்தால் பெட்டி சாய்ந்து வேகமெடுத்த பிறகே அது இறுகும், அப்போது விழும் அதிர்ச்சி பல மடங்காகிவிடும். பெட்டியின்மேல் தொலைக்காட்சியை வைத்திருந்தால் அதையும் தனியே பிணைக்க வேண்டும். குழந்தையை மேலே ஏறத் தூண்டும் பொம்மைகளையும் தின்பண்டங்களையும் பெட்டியின் உச்சியில் வைக்காதீர்கள்.

நகர்த்தும்போதும் ஏறும்போதும்

குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளும்போது அது ஒன்று வழுக்கும், இல்லையென்றால் கவிழும். எது முதலில் நடக்கும் என்பது நாம் கைவைக்கும் உயரத்தைப் பொறுத்தது. பெட்டியின் ஆழத்தில் பாதியை, தரையின் உராய்வுக் கெழுவால் (வழுக்க வைக்கத் தேவையான விசை பெட்டியின் எடையில் எத்தனை பங்கு என்று காட்டும் எண்) வகுத்தால் வரும் உயரமே எல்லை. 60 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்கு, மையம் நடுவில் இருப்பதாகவும் உராய்வுக் கெழு 0.4 என்றும் கொண்டால், எல்லை 75 செ.மீ. அதற்குக் கீழே கைவைத்துத் தள்ளினால் வழுக்கிச் செல்லும். தோள் உயரத்தில் தள்ளினால் கவிழப் பார்க்கும். கால் ஏதாவது ஓட்டு விளிம்பில் தடுக்கிவிட்டால் உராய்வு ஒரேயடியாக உயர்ந்து அந்த எல்லை தாழ்ந்துவிடுவதால், தள்ளத் தொடங்கும் முன் வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுவரில் சாய்த்த ஏணிக்கு, நான்குக்கு ஒன்று என்ற விகிதம் நெடுங்காலமாகப் பின்பற்றப்படுகிறது: ஏணி சுவரைத் தொடும் இடம் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இது தரையுடன் ஏறத்தாழ 75 டிகிரி. ஏணியின் எடையையும் சுவரின் உராய்வையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 70 கிலோ எடையுள்ள ஒருவர் உச்சியில் நிற்கும்போது இந்தக் கோணத்தில் அடிப்பகுதியை வெளியே தள்ளும் விசை 19 கிலோ எடைக்குச் சமம். 60 டிகிரியில் சாய்த்தால் அதுவே 40 கிலோவாகிறது. ஏறிய உயரத்துக்கேற்ப இந்த விசை வளர்வதுதான் கவனிக்க வேண்டியது: பாதி உயரத்தில் பாதி விசை, உச்சியில் முழு விசை. கீழ்ப்படியில் நின்று அசைத்துப் பார்த்து உறுதியாக இருக்கிறது என்று முடிவு செய்த ஏணி, உச்சிக்குப் போன பிறகு வழுக்கக் காரணம் இதுவே. பக்கவாட்டில் எட்டி எடுக்கும்போது உங்கள் இடுப்பு ஏணியின் இரு நெடுங்கம்புகளுக்கு வெளியே போகக் கூடாது; போக வேண்டியிருந்தால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

சுழலும் பொருள்கள்

நிற்கும் பொருளுக்கு மையம் பரப்புக்குள் விழுந்தால் போதும். சுழலும் பொருளுக்கு மையம் சுழலும் அச்சின்மேலேயே இருக்க வேண்டும். விலகினால் ஒவ்வொரு சுற்றிலும் அச்சை ஒரு பக்கம் இழுக்கும் விசை பிறக்கிறது. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. நிமிடத்துக்கு 300 சுற்று சுழலும் கூரை மின்விசிறியின் ஓர் இறக்கையில், அச்சிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் 10 கிராம் கூடுதலாக இருந்தால் பக்கவிசை 600 கிராம் எடை அளவுக்கு வரும். விசிறி ஆடுவதற்கு அதுவே போதும்.

சரிசெய்ய, மின்சாரத்தை நிறுத்திவிட்டு முதலில் இறக்கைகளின் தூசியைத் துடைத்து, திருகாணிகளை இறுக்குங்கள். பிறகு ஒரு நீண்ட அளவுகோலைக் கூரையில் நிமிர்த்தி ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, இறக்கைகளை ஒவ்வொன்றாக அதன் அருகே திருப்பி, நுனி கூரையிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஓர் இறக்கை மட்டும் சில மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ இருந்தால் அதன் பிடியே வளைந்திருக்கிறது. எல்லாம் சமமாக இருந்தும் ஆடினால், ஒரு நாணயத்தை ஓர் இறக்கையின் மேற்புறத்தில் நடுப்பகுதியில் நன்கு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் கூடினால் அடுத்த இறக்கைக்கு மாற்றுங்கள். குறையும் இறக்கை கிடைத்ததும், நாணயத்தை நுனிப்பக்கமும் அச்சுப்பக்கமும் நகர்த்தி, ஆட்டம் மிகக் குறையும் இடத்தில் நிலையாக ஒட்டிவிடுங்கள். ஒட்டிய நாணயம் பறந்து வரக்கூடும் என்பதால் ஒவ்வொரு சோதனையிலும் விசிறியின் அடியிலிருந்து விலகி நில்லுங்கள்.

வாஷிங் மெஷினில் வேகம் மிக அதிகம் என்பதால் விசையும் வேறு அளவில் இருக்கும். நிமிடத்துக்கு 1200 சுற்றில், அச்சிலிருந்து 25 செ.மீ. தூரத்தில் அரை கிலோ துணி ஒரு பக்கமாகத் திரண்டால் உண்டாகும் விசை 200 கிலோ எடைக்குச் சமம். 600 சுற்றில் அது 50 கிலோவாகக் குறைகிறது. தனியாக ஒரு கனமான போர்வையைப் போடுவதே மிக மோசமான சுமை, ஏனெனில் அதை எதிர்ப்பக்கத்தில் ஈடுசெய்ய வேறு துணி இருக்காது; அதனுடன் சில துண்டுகளைச் சேர்த்துப் போடுங்கள். புதிய இயந்திரமானால், கொண்டுவரும் வழியில் உருளை ஆடாதிருக்கப் பின்புறம் பூட்டப்பட்ட திருகாணிகளை ஓட்டுவதற்கு முன் கழற்ற வேண்டும். பிறகு மேற்பரப்பில் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாதங்களைத் திருகி மட்டமாக்குங்கள். கடைசியாக, எதிரெதிர் மூலைகளைக் கையால் மாறி மாறி அழுத்திப் பாருங்கள். இரு மூலைவிட்டங்களிலும் சிறிதும் ஆட்டம் இல்லாதபோது பாதங்களின் பூட்டு மரைகளை இறுக்கி, அடுத்த சில துவைப்புகளுக்குப் பிறகு அதே சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள்.